கண்ணிற் பட்டவர்களும் படாதவர்களும்: பெண்கள் கூடைப்பந்தாட்டத்தில் வீராங்கனைத் தெரிவின் வரலாறு

நூற்றாண்டு மலர்களில் விளையாட்டைப் பற்றி எழுதும்போது வெற்றிக் கிண்ணங்களின் பட்டியலும் அணித் தலைவிகளின் பெயர்களும் பெரும்பாலும் இடம்பெறும். அவை வேண்டியவையே. ஆனால் அந்தப் பட்டியலுக்கு முன்னால் நடந்த ஒரு காரியத்தைப் பற்றி நாம் எழுதுவது குறைவு. அந்தப் பிள்ளைகளை அணிக்குத் தெரிந்தெடுத்தவர் யார்? எதைக் கண்டு தெரிந்தெடுத்தார்? அதே மைதானத்தின் ஓரத்தில் நின்ற வேறு சிலர் ஏன் அவர் கண்ணிற் படவில்லை?

கூடைப்பந்தாட்டம் இக்கேள்விகளை ஆராய ஏற்ற விளையாட்டு. அது தோன்றிய ஆண்டும் இடமும் தெரியும். தோன்றிய மறு ஆண்டிலேயே பெண்கள் அதை ஆடத் தொடங்கிவிட்டனர். நாம் பாடசாலையில் ஆடிய வலைப்பந்தாட்டம் அதன் நேர் வழித்தோன்றல். ஐக்கிய அமெரிக்காவில் இன்று கோடை விடுமுறைகளில் நடைபெறும் பெண்கள் கழகச் சுற்றுப்போட்டிகளில் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் வரிசையாக அமர்ந்து, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைக் குறிப்பெடுத்துப் பார்க்கின்றனர். அந்த நாற்காலி வரிசை உருவாவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையில் நமக்கும் சில பாடங்கள் உண்டு.

கதவடைத்து ஆடிய ஆட்டம்

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மசசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக் கூடைகளைச் சுவரில் மாட்டி, 13 விதிகளை எழுதி இவ்விளையாட்டை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே அயலிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். 1893ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அங்கு இரு வகுப்பினரிடையே முதற் போட்டி நடந்தது. ஆண்கள் எவரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. 1896இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பெண்களும் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பெண்களும் சான் பிரான்சிஸ்கோவில் மோதினர். ஸ்ரான்போட் 2 - 1 என்று வென்ற அந்தப் போட்டியையும் பெண்கள் மட்டுமே பார்த்தனர்.

பெரன்சன் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவர் மற்றப் பகுதிக்குள் ஓடக்கூடாது. பிறர் கையிலிருக்கும் பந்தைப் பறிக்கக்கூடாது. பந்தை நெடுநேரம் வைத்திருக்கவும் கூடாது. பெண்களின் உடல் களைத்துவிடும் என்ற அக்காலத்து அச்சம் இவ்விதிகளுக்கு ஒரு காரணம். ஒருவர் மட்டும் களம் முழுவதும் ஓடி ஆட்டத்தைத் தம் வசமாக்கிவிடாமல் எல்லோர் கையிலும் பந்து தவழவேண்டும் என்ற எண்ணம் இன்னொரு காரணம்.

இந்த விளையாட்டுத்தான் 1890களில் இங்கிலாந்தின் மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரிகளுக்குச் சென்று, அங்கு உருமாறி, வலைப்பந்தாட்டமாகப் பேரரசு எங்கும் பரவியது. கோல் சூட்டர் ஓர் எல்லைக்கு அப்பால் வரக்கூடாது, விங் டிபென்ஸ் வட்டத்துக்குள் நுழையக்கூடாது என்று நாம் மனப்பாடம் செய்த விதிகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. பெண்கள் ஆடலாம், ஆனால் ஒருத்தி தனித்துத் தெரியவேண்டாம் என்ற மனப்பாங்கு விளையாட்டின் கோடுகளிலேயே வரையப்பட்டிருந்தது.

தனித்துத் தெரிவதற்கு எதிரான வாதம்

அந்த மனப்பாங்கைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நியாயமும் இருந்தது. 1923இல் லூ ஹென்றி ஹூவர் அம்மையாரின் தலைமையில் அமெரிக்க உடற்கல்வி ஆசிரியைகள் ஒன்றுகூடி, பெண்களுக்கான சம்பியன் போட்டிகளையும் அணிகளின் நெடும் பயணங்களையும் எதிர்த்தனர். கெட்டிக்காரிகள் பத்துப் பேரைத் தேர்ந்து அவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், மற்ற நூறு பேரும் பார்வையாளராகிவிடுவர் என்பது அவர்களது கவலை. நுழைவுச்சீட்டு விற்பவர்களும் விளம்பரக்காரர்களும் பெண் பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வர் என்றும் அஞ்சினர்.

அவர்கள் கண்ட மாற்றுவழி ‘விளையாட்டு நாள்’. பல கல்லூரிகளின் மாணவிகள் ஓரிடத்திற் கூடுவர். அவர்களைக் கலந்து புதிய அணிகள் அமைக்கப்படும். இன்ன கல்லூரி வென்றது என்ற பேச்சே எழாது. மாலையில் தேநீர் அருந்திக் கலைவர். பெருந்தொகையான பெண்கள் இதனால் மகிழ்ச்சியாக விளையாடினர் என்பது உண்மை. விளையாட்டிற் பெருந்திறமை கொண்ட ஒருத்தி அந்த நாள் முடிந்ததும் வீட்டுக்குப் போனாள், அவ்வளவுதான் என்பதும் உண்மை. அவளது திறமையை எழுதிவைக்க அங்கு எவரும் இல்லை. அடுத்த படிக்கு ஏற ஏணியும் இல்லை.

காப்புறுதிக் கம்பனியின் தேடல்

கல்லூரிகள் மூடிய கதவை வர்த்தக நிறுவனங்கள் திறந்தன. 1926இல் அமெரிக்க அமச்சூர் விளையாட்டுச் சங்கமான ஏ.ஏ.யூ. பெண்களுக்கான தேசியக் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியைத் தொடங்கியது. தொழிற்சாலைகளும் காப்புறுதிக் கம்பனிகளும் வணிகக் கல்லூரிகளும் அணிகளை அனுப்பின. வெற்றி பெற்ற அணியின் சட்டையில் இருக்கும் கம்பனியின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும் என்பதால், நல்ல வீராங்கனைகளைத் தேடுவது ஒரு தொழிலாயிற்று.

அந்தத் தேடலிற் பெயர்பெற்ற நிகழ்ச்சி 1930 பெப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் நடந்தது. டலஸ் நகரக் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் விளையாட்டுப் பொறுப்பாளரான மெல்வின் மக்கோம்ப்ஸ் ஒரு பாடசாலைப் போட்டியைப் பார்க்கச் சென்றார். அவர் பார்க்கச் சென்றது வேறு பிள்ளைகளை. ஆனால் எதிரணியான போமொண்ட் பாடசாலைக்கு ஆடிய ஒரு சிறுமி அவர் கவனத்தை முழுவதும் ஈர்த்துக்கொண்டாள். உயரம் போதாது என்று ஆரம்பத்திற் பாடசாலை அணியிற் சேர்க்கப்படாத பிள்ளை அவள். பெயர் மில்ட்ரெட் டிட்ரிக்சன். ‘பேப்’ என்று எல்லோரும் அழைத்தனர்.

விளையாடுவதற்குச் சம்பளம் கொடுக்க அமச்சூர் விதிகள் இடந்தராததால், மாதம் 75 டொலர் சம்பளத்தில் அலுவலக வேலை கொடுத்து அவளைக் கம்பனி எடுத்துக்கொண்டது. 1931இல் அந்த அணி தேசியச் சம்பியனாயிற்று. மக்கோம்ப்ஸ் அவளிடம் கண்டது பந்தைக் கூடைக்குள் போடும் கையை மட்டுமா என்பதற்கு அடுத்த ஆண்டு விடை கிடைத்தது. அவரது தூண்டுதலால் தடகளத்திலும் இறங்கியிருந்த பேப், 1932இல் ஒலிம்பிக் தெரிவுக்கான தேசிய மெய்வல்லுநர் போட்டியிற் தனியொருத்தியாகத் தன் கம்பனி அணியாக நின்று 30 புள்ளிகள் பெற்றார். இரண்டாமிடம் பெற்ற அணியில் 22 பேர் இருந்தனர். அவர்கள் பெற்ற புள்ளிகள் 22. அதே ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 80 மீற்றர் தடைதாண்டலிலும் ஈட்டி எறிதலிலும் தங்கமும், உயரம் பாய்தலில் வெள்ளியும் வென்றார். பிற்காலத்தில் கோல்ப் விளையாட்டிலும் முதல்வரிசை வீராங்கனையானார்.

தேடி வந்தவர் எதிரணியையும் உன்னித்துப் பார்த்தார் என்பதே இந்தக் கதையில் நாம் கவனிக்கவேண்டியது. பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதில் உள்ளவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால், பேப் டிட்ரிக்சன் போமொண்ட் நகரைத் தாண்டாமலே போயிருக்கலாம்.

எண்ணியது மட்டுமே தெரிந்தது

நடுமேற்கில் ஐயோவா மாநிலம் வேறு வழியிற் சென்றது. அங்கு 1920 முதல் பாடசாலைப் பெண்களுக்கு மாநிலச் சுற்றுப்போட்டி நடந்துவந்தது. 1925இல் அதைக் கைவிட வேண்டும் என்ற கருத்து ஓங்கியபோது, சிறிய ஊர்ப் பாடசாலைகளின் பொறுப்பாளர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்து அதைக் காப்பாற்றினர். ஊர் முழுவதும் கூடிப் பார்க்கும் பெருவிழாவாக அது வளர்ந்தது.

அவர்கள் ஆடியது அணிக்கு ஆறு பேர் கொண்ட ஆட்டம். மூவர் தாக்குதற் பாதியிலும் மூவர் தடுப்புப் பாதியிலும் நிற்பர். நடுக்கோட்டை எவரும் தாண்டக்கூடாது. ஆகவே தடுப்பில் நிற்பவருக்குக் கூடையிற் பந்து போடும் வாய்ப்பே கிடையாது. 1968இல் டெனிஸ் லோங் என்ற மாணவி ஒரே போட்டியில் 111 புள்ளிகள் பெற்றார். மறு ஆண்டு ஆண்களின் தொழில்முறை அணியான சான் பிரான்சிஸ்கோ வொரியர்ஸ் தன் தெரிவுப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. அந்தத் தெரிவு பின்னர் செல்லாது என்று அறிவிக்கப்பட்டாலும் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. மறுபாதியில் நின்று ஆண்டுக்கணக்காக எதிரணியைத் தடுத்த எத்தனையோ பிள்ளைகளின் பெயர்கள் அவர்களது ஊர்களைத் தாண்டவில்லை. அவர்கள் செய்ததை எண்ணுவதற்குப் புள்ளிப் புத்தகத்தில் உரிய இடம் இருக்கவில்லை. ஐயோவாவில் ஆறுபேர் ஆட்டம் 1993 வரை நீடித்தது.

வலைப்பந்தாட்டம் ஆடிய நமக்கு இது அந்நியமான செய்தி அன்று. கோல் சூட்டரும் கோல் அற்றாக்கும் தவிர மற்ற ஐவரும் கோல் போட முடியாது. மறுநாட் பத்திரிகையில் கோல் எண்ணிக்கை வரும். மூன்று தடவை பந்தை இடைமறித்த கோல் டிபென்ஸின் பெயர் வராது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நூற்றாண்டு மலருக்குத் தகவல் திரட்டுபவருக்குக் கிடைப்பதும் அந்தப் பத்திரிகைத் துண்டுதான்.

பழைய மாணவி ஒருவர் மீண்டும் வந்தபோது

இந்த வரலாற்றில் பழைய மாணவிகளாகிய நம் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி மிசிசிப்பி மாநிலத்தின் டெல்ரா ஸ்ரேற் கல்லூரியைச் சார்ந்தது. 1930களின் தொடக்கத்தில் அங்கு மாணவியாக இருந்த மார்கரெட் வேட் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியில் ஆடினார். அந்த ஆட்டம் பெண்களின் உடலுக்குக் கடுமையானது என்று கூறிக் கல்லூரி நிர்வாகம் அணியைக் கலைத்தது. பிள்ளைகள் தங்கள் விளையாட்டு உடைகளை எரித்துத் தம் எதிர்ப்பைக் காட்டினர். வேட் பின்னர் பாடசாலைகளிற் பல்லாண்டு பயிற்றுநராகப் பணியாற்றினார்.

1972 ஜூன் மாதம் அமெரிக்காவில் ‘ரைற்றில் நைன்’ எனப்படும் சட்டம் நிறைவேறியது. அரச நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். 1973இல் டெல்ரா ஸ்ரேற் மீண்டும் பெண்கள் அணியை அமைத்தபோது அறுபது வயது வேட் அதன் பயிற்றுநரானார். தாம் ஆடுவதற்கு மறுக்கப்பட்ட கல்லூரியின் அணியையே நாற்பதாண்டு கழித்துப் பொறுப்பேற்றார்.

அவ்வேளையில் அதே மாநிலத்தின் கிராமமொன்றில், பருத்தித் தோட்டங்களின் நடுவே வளர்ந்த லூசியா ஹரிஸ் என்ற கறுப்பினப் பிள்ளை பாடசாலையில் ஆடிக்கொண்டிருந்தார். ஆறடி மூன்றங்குல உயரம். அவர் சேர எண்ணியிருந்த பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணியே கிடையாது. டெல்ரா ஸ்ரேற்றுக்காக வீராங்கனைகளைத் தேடிய மெல்வின் ஹெம்பில் அவரைச் சந்தித்து அழைக்காவிட்டால், அவர் பந்தை அத்துடன் வைத்திருப்பார். 1975, 1976, 1977 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டெல்ரா ஸ்ரேற் தேசியச் சம்பியனாயிற்று. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்தாட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, அதன் வரலாற்றில் முதற் பந்தைக் கூடைக்குள் போட்டவர் லூசியா ஹரிஸ். 1992இல் நெய்ஸ்மித் நினைவுக் கூடைப்பந்தாட்டப் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்ட முதல் இரு வீராங்கனைகளுள் அவர் ஒருவர். மற்றவர் கம்பனி அணிகளின் காலத்தில் ஆடிய நேரா வைற்.

ஓர் அழைப்பு, அதை ஏற்க ஒரு கல்லூரி, அங்கு அவரது அருமையறிந்த ஒரு பயிற்றுநர் ஆகிய மூன்றும் ஒரே நேரத்திற் சேர்ந்ததால் அவரை உலகம் அறிந்தது. இவற்றில் ஒன்று தவறியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் புத்தகமும் கணக்கிடவில்லை.

கழகச் சுற்றுப்போட்டியின் நாற்காலி வரிசை

இத்தனைக்கும் அக்காலத்தில் பல்கலைக்கழக மகளிர் விளையாட்டை நிர்வகித்த சங்கம் விளையாட்டுப் புலமைப்பரிசில்களைத் தொடக்கத்தில் தடைசெய்திருந்தது. வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை இழுக்கும் ஆண்கள் விளையாட்டின் போக்கு இங்கும் வந்துவிடும் என்ற அச்சமே காரணம். வழக்கொன்றின் பின் 1973இல் அத்தடை நீங்கியது. 1982இல் ஆண்களின் பல்கலைக்கழகச் சங்கமான என்.சி.ஏ.ஏ. தன் முதல் மகளிர் கூடைப்பந்தாட்டச் சம்பியன் போட்டியை நடத்தியது. புலமைப்பரிசில் வந்ததும் தேடலும் வந்தது.

இன்னொரு மாற்றமும் சேர்ந்தது. 1978இல் வந்த சட்டமொன்றினால் ஒலிம்பிக் விளையாட்டுகளின் மேலான அதிகாரத்தை இழந்த ஏ.ஏ.யூ., தன் கவனத்தை இளையோர் விளையாட்டின் பக்கம் திருப்பியது. பாடசாலைக் கூடைப்பந்தாட்டமும் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டமும் ஒரே குளிர்காலத்தில் நடப்பதால், பயிற்றுநர்களுக்குப் பாடசாலைப் போட்டிகளைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. கோடையிலோ அவர்களுக்கு ஓய்வு. ஆகவே கோடையில் நடக்கும் கழகச் சுற்றுப்போட்டிகள் தெரிவுக் களங்களாயின. பெரிய மண்டபமொன்றில் பல ஆடுகளங்களில் ஒரே நேரத்தில் போட்டி நடக்கும். சட்டை இலக்கமும் உயரமும் வகுப்பும் அச்சிட்ட கையேடு பயிற்றுநர்கள் கையில் இருக்கும். இதற்கென ஒதுக்கிய நாட்களில் அவர்கள் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம். அங்கு அப்பிள்ளைகளுடன் நேரிற் பேசக்கூடாது என்பது விதி. தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து முன்வரிசையில் அமர்வதே அவர்கள் சொல்லக்கூடிய செய்தி.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? புள்ளிக் கணக்கை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்காக எவரும் விமானம் ஏறி வருவதில்லை. பந்து தன்னிடம் இல்லாதபோது அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறாள்? எறிந்த பந்து தவறினால் தலையைக் குனிகிறாளா, திரும்பி ஓடித் தடுக்கிறாளா? இடக்கையாலும் பந்து கொடுக்கிறாளா? தடுக்கும்போது தோழியருக்குக் குரல் கொடுக்கிறாளா? மாற்று வீராங்கனைக்கு இடம்விட்டு வெளியே வந்ததும் வாங்கில் எப்படி அமர்கிறாள்? கனெக்ரிகற் பல்கலைக்கழகத்தை பதினொரு தடவைக்கு மேல் தேசியச் சம்பியனாக்கிய ஜீனோ ஓரியெம்மா, வாங்கில் முகத்தைத் தூக்கிவைத்திருக்கும் பிள்ளைக்குத் தன் அணியில் இடமில்லை என்று வெளிப்படையாகவே கூறியவர்.

இந்த முறையினாற் பலர் மேலே வந்தனர். ஐயோவாவின் கழக அணியொன்றில் ஆடி வளர்ந்த கெயிற்லின் கிளாக், 2024இல் என்.சி.ஏ.ஏ. முதற்பிரிவில் ஆண், பெண் இருபாலாரிலும் அதிக புள்ளிகள் பெற்றவரானார். அவர் பெற்றவை 3,951. தோழியருக்குப் பந்தைக் கொடுத்துப் புள்ளி பெறச் செய்வதிலும் அவர் முன்னணியில் நின்றார் என்பதைப் பார்க்கத் தெரிந்த கண்கள் முன்பே கண்டிருந்தன.

குறைகளும் உண்டு. கழகத்திற் சேரவும் பயணம் செய்யவும் பெற்றோர் பணம் கட்டவேண்டும். பணமில்லாத பிள்ளை அந்த மண்டபத்துக்கே வருவதில்லை. அடுத்த குறை வயதுப் பிரிவைச் சார்ந்தது. 1980களில் கனடாவில் பனிக்கட்டி ஹொக்கி வீரர்களைப் பற்றிய ஆய்வொன்று, தெரிவானவர்களிற் பெருந்தொகையினர் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தவர்கள் என்று காட்டியது. ஜனவரியிற் பிறந்த பிள்ளைக்கும் டிசம்பரிற் பிறந்த பிள்ளைக்கும் ஏறத்தாழ ஒரு வயது வித்தியாசம். பன்னிரண்டு வயதில் அது பெரிய வித்தியாசம். முந்தி வளர்ந்ததைத் திறமை என்று கொள்ளும் பிழை பல விளையாட்டுகளிலும் பின்னர் கண்டறியப்பட்டது. நம் பாடசாலை வயதுப் பிரிவுகளுக்கும் இது பொருந்தும்.

நம் மண்ணில்

இலங்கையில் 1920களிலேயே வலைப்பந்தாட்டம் வேரூன்றியது. நெடுங்காலம் அது பாடசாலைகளின் விளையாட்டாகவே இருந்தது. 1950களின் தொடக்கத்தில் பாடசாலைக்கு வெளியே அதை ஆடியவர்களுள் பழைய மாணவிகள் சங்கங்கள் குறிப்பிடத்தக்கவை. 1960இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் விதிகளை ஒருமுகப்படுத்தக் கூடிய இடம் நமது இலங்கை. 1963இல் ஈஸ்ற்போண் நகரில் நடந்த முதல் உலகச் சுற்றுப்போட்டியில் கலந்துகொண்ட 11 அணிகளுள் இலங்கையும் ஒன்று. கல்லூரி முற்றங்களில் ஆடிய பிள்ளைகள் அவ்வளவு விரைவில் உலக அரங்குக்குச் சென்றனர் என்பது நினைக்கப் பெருமை தருவது.

யாழ்ப்பாணத்திற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரமானவர். 2009இலும் 2018இலும் ஆசியச் சம்பியனான இலங்கை அணிகளில் ஆடினார். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியிற் சிறந்த கோல் சூட்டராகப் பாராட்டப்பட்டார். அந்த உயரத்தைக் காண எந்த நிபுணரின் கண்ணும் தேவையில்லை. ஆயினும் அவர் வளர்ந்த ஆண்டுகள் வடக்கில் போர்க்காலம். இடம்பெயர்வும் பாதைத் தடையும் இருந்த நாட்களில், அவ்வளவு உயரமான பிள்ளைகூட ஒரு தெரிவாளரின் முன் வந்து நிற்பது எளிதான காரியமாக இருந்திராது. அப்படியானால் ஐந்தடி உயரமும் கூர்மையான மூளையும் உள்ள ஒரு சென்ரர், அதே ஆண்டுகளில் எத்தனை பாடசாலைகளில் ஆடி, எவரும் காணாமல், உயர்தரப் பரீட்சையோடு காலணியைக் கழற்றிவைத்திருப்பாள்?

சங்கம் செய்யக்கூடியது

பெரன்சன் காலத்துக் கவலையும் மக்கோம்ப்ஸின் தேடலும் எதிரெதிரானவை போலத் தோன்றும். எல்லாப் பிள்ளைகளும் ஆடவேண்டும் என்பது ஒன்று. சிறந்தவளைக் கண்டுபிடிக்கவேண்டும் என்பது மற்றது. ஆனால் எல்லோரும் ஆடும் மைதானத்தில்தான் எதிர்பாராத ஒருத்தி வெளிப்படுவாள். பத்துப் பேர் மட்டும் ஆடும் மைதானத்தில் அந்தப் பத்துப் பேருக்குள் மட்டுமே தேடமுடியும். ஆகவே தெரிவு நன்றாக நடக்கவேண்டுமானால் முதலில் ஆட்டம் விரிந்திருக்கவேண்டும்.

நமது சங்கத்திடம் பெருந்தொகைப் பணம் இல்லை. ஆனால் பார்க்கத் தெரிந்த கண்கள் உள்ளன. சங்கத்தில் பழைய அணித் தலைவிகள் இருக்கிறார்கள், நடுவர்களாகப் பணிபுரிந்தவர்கள் இருக்கிறார்கள், உடற்கல்வி ஆசிரியைகளாக ஓய்வுபெற்றவர்களும் இருக்கிறார்கள். இல்லப் போட்டிகளுக்கு இவர்களில் இருவர் மூவர் வந்து, கோல் எண்ணிக்கையோடு பந்தை இடைமறித்தவர், பிழையின்றிக் கொடுத்தவர், சோர்ந்த தோழிக்குக் கைகொடுத்தவர் ஆகியோரையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம். பன்னிரண்டு வயதில் விடுபட்ட பிள்ளையைப் பதினான்கு வயதில் மறுபடி அழைத்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். வெளியூர்ப் போட்டிக்குப் பிள்ளையை இரவு தங்க அனுப்பத் தயங்கும் தாய்தந்தையருக்கு, கூடவே நாங்களும் போகிறோம் என்று சொல்லப் பழைய மாணவிகளைவிடப் பொருத்தமானவர் யார்? பஸ் கட்டணமும் ஒரு சோடிச் சப்பாத்தும் இல்லாமையால் ஒரு பிள்ளை நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்வதும் நம்மால் இயலும். பாடசாலையை விட்டு விலகிய பின்னரும் ஆடுவதற்கு ஆண்டுக்கு ஒரு சுற்றுப்போட்டியை சங்கமே நடத்தலாம். நமக்கு முந்திய தலைமுறைப் பழைய மாணவிகள் எழுபது ஆண்டுகளுக்கு முன் ஆடிக் காட்டியது அதுதானே.

மார்கரெட் வேட் தம் கல்லூரி அணியின் பயிற்றுநரானபோது அவர் கொண்டுவந்தது பல்லாண்டுகளாகப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துப் பழகிய கண். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் சகோதரிகளிற் பலரிடம் அந்தக் கண் இருக்கிறது. அடுத்த இல்லப் போட்டி நாளில் மைதானத்தின் ஓரத்தில் அவர்களுக்கு நாற்காலிகள் போட்டிருக்கும். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வந்தாற் போதும்.